ரவுட்டரில் வடிகட்டி விதிகள்: கட்டளைக்கு முன்னால் வாக்கியம்

ரவுட்டரில் பாக்கெட் வடிகட்டி (வலையமைப்பில் ஓடும் பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் விதிகள்) அமைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், திரையை மூடிவிட்டு முதலில் ஒரு தாளை எடுக்கச் சொல்வேன். யார் யாரோடு பேச வேண்டும், எந்தப் போர்ட்டில் (ஒரு கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்), பேச்சை எந்தப் பக்கம் தொடங்கும் என்பதை அதில் முழு வாக்கியங்களாக எழுத வேண்டும். கட்டளைகளின் இலக்கணத்தை ஒரு மாலையில் கற்றுவிடலாம். நம் வலையமைப்பில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நாள் பிடிக்கும். நான் பார்த்த மோசமான விதித் தொகுப்புகளில் கட்டளைப் பிழைகள் அனேகமாக இல்லை. எழுதியவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே தெளிவாக இல்லை, அதுதான் அவற்றின் கோளாறு.

ஒரு சிறு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பணியாளர் கணினிகள் 192.168.10.0/24 (192.168.10 என்று தொடங்கும் முகவரிகள்), விருந்தினர் வைஃபை 192.168.20.0/24, கண்காணிப்பு கேமராக்கள் 192.168.30.0/24. கேமரா படங்களைச் சேமிக்கும் பெட்டி பணியாளர் பிரிவில் இருக்கிறது. தாளில் இப்படி எழுதலாம்: பணியாளர்கள் இணையத்துக்குப் போகலாம். விருந்தினர்கள் இணையத்துக்கு மட்டும் போகலாம், உள்ளே எதையும் தொடக் கூடாது. சேமிப்புப் பெட்டி கேமராக்களை அணுகலாம், கேமராக்கள் தாங்களாக எங்கும் போகக் கூடாது. வெளியிலிருந்து யாரும் எதையும் தொடங்கி உள்ளே வரக் கூடாது.

இவ்வளவு எழுதியதும் கேள்விகள் வரிசையாக வரும். கேமராக்கள் எங்கும் போகக் கூடாது என்றால் அவற்றின் கடிகாரத்தை யார் சரிசெய்வது? நேரம் தப்பான பதிவு, தேவைப்படும் நாளில் உதவாது. அப்படியானால் ரவுட்டரே என்டிபி என்ற நேரம் சொல்லும் சேவையைத் தரட்டும், கேமராக்கள் ரவுட்டரின் யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் தரவை அனுப்பும் நெறிமுறை) 123 போர்ட்டை மட்டும் தொடலாம் என்று ஒரு வாக்கியம் சேரும். விருந்தினர் ஒருவர் அச்செடுக்கக் கேட்டால்? இதற்கு ரவுட்டரிடம் பதில் இல்லை, அலுவலகத்தை நடத்துபவரிடம்தான் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நேரே கட்டளைக்குப் போனால், தட்டச்சு செய்பவரின் ஊகமே கொள்கையாகிவிடும்.

இருக்கிற வலையமைப்பில் விதி புகுத்துவதென்றால் முதலில் கவனிக்க வேண்டும். எதையும் தடுக்காமல், இணைப்புகளைக் குறித்துக்கொள்ள மட்டும் ஒரு லாக் விதி போட்டு ஓடவிடலாம். ரவுட்டரின் இணைப்பு அட்டவணையை (அந்த நேரத்தில் ஓடும் இணைப்புகளின் பட்டியலை) வெவ்வேறு நேரங்களில் எடுத்துப் பார்க்கலாம். இரவில் மட்டும் ஓடும் பேக்கப், மாத இறுதியில் மட்டும் திறக்கும் கணக்கு மென்பொருள் என்று சில இருக்கும். அவை பகலில் பார்த்தால் கண்ணில் படாது.

சரி, இந்த வடிகட்டிக்கு எது தெரியும்? பாக்கெட்டின் தலைப்பகுதி தெரியும். எங்கிருந்து, எங்கே, எந்த நெறிமுறை, டிசிபி (முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் நெறிமுறை) அல்லது யுடிபி என்றால் எந்தப் போர்ட், டிசிபி என்றால் எந்தக் கொடிகள் (பாக்கெட்டின் வகையைக் காட்டும் குறிகள்) உயர்ந்திருக்கின்றன என்பவை. இவற்றோடு, எந்த இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் இணைப்பு வாய்) வழியாக வந்தது, எதன் வழியாகப் போகப்போகிறது என்பதும் ரவுட்டருக்குத் தெரியும். உள்ளே இருக்கும் செய்தி என்ன என்பது அதற்குத் தெரியாது. 443 போர்ட்டைத் திறந்தால் அந்தப் போர்ட்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் திறந்ததாகவே அர்த்தம்.

இதில் இன்டர்ஃபேஸுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அனுப்புநர் முகவரியை அனுப்புபவரே எழுதுகிறார், பொய்யாகவும் எழுதலாம். பாக்கெட் எந்தக் கம்பி வழியாக ரவுட்டருக்குள் வந்தது என்பதை அவரால் பொய்யாக்க முடியாது. அதனால் "192.168.10.0/24 முகவரியிலிருந்து வந்தால் அனுமதி" என்று எழுதுவதைவிட "பணியாளர் இன்டர்ஃபேஸில், அந்த முகவரியோடு வந்தால் அனுமதி" என்று எழுதுவது உறுதியானது. போகும் பக்கத்திலும் இதே கணக்குதான். இணையம் என்று ஒரு முகவரி கிடையாது. "விருந்தினர் எங்கும் போகலாம்" என்று எழுதினால் அந்த "எங்கும்" என்பதற்குள் பணியாளர் பிரிவும் கேமராவும் அடங்கும். "விருந்தினர் இன்டர்ஃபேஸில் நுழைந்து, வெளி இன்டர்ஃபேஸ் வழியாக வெளியேறினால் அனுமதி" என்று எழுதினால் தாளில் இருந்த "மட்டும்" என்ற சொல் விதிக்குள் வந்துவிடுகிறது. எதிலும் பொருந்தாததைத் தடுக்கும் கடைசி விதி இருக்கும்வரை, தனியாக ஒரு தடை விதியும் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பிரிவுக்குள் இருக்கும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும்போது பாக்கெட் ரவுட்டிங்குக்கு வருவதே இல்லை, கருவிகளை இணைக்கும் ஸ்விட்ச் அளவிலேயே போய்விடும். ஒரு பணியாளர் கணினியிடமிருந்து பக்கத்துக் கணினியைக் காக்க ரவுட்டரில் என்ன விதி எழுதினாலும் பயனில்லை. பிரிவுகளைச் சரியாகப் பிரித்த பிறகே வடிகட்டிக்கு வேலை வரும்.

ரவுட்டருக்கு வரும் பாக்கெட்டின் பயணம் இரண்டு வகை. ஒன்று, ரவுட்டரையே நோக்கி வருவது. மற்றது, ரவுட்டரைக் கடந்து வேறெங்கோ போவது. ஒவ்வொன்றுக்கும் செயின் என்ற தனி விதி வரிசை உண்டு: லினக்ஸிலும் மைக்ரோடிக் ரவுட்டர்களிலும் முதலாவது இன்புட் செயின், இரண்டாவது ஃபார்வர்ட் செயின். ரவுட்டரிலிருந்தே கிளம்புவதற்கு அவுட்புட் செயின் உண்டு, ஆனால் சிறிய அமைப்புகளில் அதை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. இந்தப் பிரிவு மனதில் பதியாதவர்கள், கேமராவைக் காக்க எழுதிய விதியை இன்புட்டில் போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பலரும் ஃபார்வர்ட் செயினில் மும்முரமாகி இன்புட்டை மறந்துவிடுகிறார்கள். ரவுட்டர் வெறும் கடவுப்பாதை அல்ல, அதுவும் ஒரு கணினி. அதில் நிர்வாகப் பக்கம் ஓடுகிறது, தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் ஓடுகிறது, தளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் ஓடுகிறது, சில கருவிகளில் எஸ்எஸ்ஹெச்சுக்கு முந்தைய, மறையாக்கம் இல்லாத டெல்நெட்கூட இன்னும் ஓடுகிறது. 2016ல் பரவிய மிராய் என்ற தீநிரல் டெல்நெட்டின் 23, 2323 போர்ட்களைத் தட்டி, தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வைத்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. டிஎன்எஸ் சேவையை வெளிப்பக்கம் திறந்து வைத்தால் ஆபத்து நமக்கு மட்டும் இல்லை. யாரோ ஒருவர் இன்னொருவரின் முகவரியைப் பொய்யாகப் போட்டு ஒரு சிறிய கேள்வியை அனுப்புவார். நம் ரவுட்டர் பெரிய பதிலை அந்த அப்பாவியின் தலையில் கொட்டும். அதனால் வெளி இன்டர்ஃபேஸிலிருந்து ரவுட்டரை நோக்கிப் புதிதாக எதுவும் வரக் கூடாது என்பது என் முதல் பிடிவாதம். வெளியூரிலிருந்து நிர்வகிக்க வேண்டும் என்றால் விபிஎன் (மறையாக்கிய தனிப் பாதை) வழியாக வரட்டும், அதற்கான ஒரு போர்ட்டை மட்டும் திறக்கலாம்.

உள்பக்கத்திலிருந்தும் எல்லாருக்கும் எல்லாம் வேண்டாம். விருந்தினருக்கு ரவுட்டரில் தேவைப்படுவது முகவரி வழங்கும் டிஹெச்சிபியும் டிஎன்எஸ்ஸும்தான். டிஹெச்சிபி விஷயத்தில் ஒரு நுணுக்கம்: முகவரி கேட்கும் கருவிக்கு அந்த நேரத்தில் முகவரியே கிடையாது. அதன் கோரிக்கை 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255க்கு, யுடிபி 68லிருந்து 67க்குப் போகிறது. "192.168.20.0/24லிருந்து வந்தால் அனுமதி" என்ற விதியில் அது பொருந்தவே பொருந்தாது. இன்டர்ஃபேஸை வைத்து எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டிஎன்எஸ்ஸுக்கு யுடிபி 53ஐ மட்டும் திறந்துவிட்டு டிசிபி 53ஐ விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பெரிய பதில்கள் டிசிபிக்கு மாறும்போது சில தளங்கள் மட்டும் திறக்காமல் போகும். அந்தப் புகாரின் காரணத்தைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும்.

அடுத்து வரிசை. சிஸ்கோ ரவுட்டர்களிலும் லினக்ஸின் வடிகட்டியான ஐபிடேபிள்ஸிலும் மைக்ரோடிக்கிலும் மேலிருந்து கீழாகப் பார்க்கும்போது முதலில் பொருந்தும் விதியே முடிவு செய்கிறது. 2001ல் டேனியல் ஹார்ட்மையர் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதிய பிஎஃப் என்ற வடிகட்டி இதற்கு நேர்மாறு: கடைசியாகப் பொருந்தும் விதி வெல்லும், இடையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்த விதியில் "குவிக்" என்று சேர்க்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது விதிகளை அப்படியே பெயர்த்து வைத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். 1992ல் பிரெண்ட் சாப்மன் அன்றைய ரவுட்டர்களின் வடிகட்டும் திறனை அலசி எழுதியபோது, சில கருவிகள் விதிகளைத் தாமாகவே வரிசை மாற்றிக்கொள்வதை ஒரு முக்கியக் குறையாகச் சொன்னார். எழுதியவர் கருதிய வரிசையில் கருவி படிக்காவிட்டால் எழுதியதற்கே அர்த்தமில்லை. அந்தக் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

முதல் பொருத்தம் வெல்லும் அமைப்பில், மேலே அகலமான அனுமதி ஒன்று இருந்தால் அதற்குக் கீழே உள்ள குறுகலான தடை செத்த விதி. பார்வைக்கு இருக்கும், தணிக்கைக்கு வருபவருக்கும் திருப்தி தரும், ஒரு பாக்கெட்டைக்கூடத் தொடாது. எத்தனை பாக்கெட் பொருந்தின என்று எண்ணும் கவுண்டர் பூஜ்யத்திலேயே நிற்கும்.

என் தொகுப்புகளில் முதல் விதி எப்போதும் இதுதான்: ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்பைச் சேர்ந்ததும், அதோடு தொடர்புடையதும் போகலாம். இரண்டாவது, எந்த இணைப்பிலும் சேராத செல்லாத பாக்கெட்டைக் கைவிடு. இவை இரண்டுக்கும் பிறகு வருவதெல்லாம் புதிய இணைப்புகளைப் பற்றிய விதிகள். முதல் விதியே மிகப் பெரும்பாலான பாக்கெட்டுகளை அனுப்பிவிடுவதால், கீழே நாற்பது விதி இருந்தாலும் ரவுட்டருக்குச் சுமை குறைவு.

இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இது இல்லாத காலத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். நினைவாற்றல் இல்லாத வடிகட்டியில், போகும் பாக்கெட்டுக்கு ஒரு விதி எழுதினால் திரும்பி வரும் பதிலுக்கும் ஒன்று எழுத வேண்டும். டிசிபியில் ஏசிகே (பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும்) கொடி உயர்ந்திருந்தால் அது பதில் என்று வைத்துக்கொள்ளலாம், சிஸ்கோவின் பழைய அணுகல் பட்டியல்கள் அப்படித்தான் செய்தன. ஆனால் வெளியில் இருப்பவர் ஏசிகே கொடியைத் தானே உயர்த்தி அனுப்பி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று துழாவலாம். யுடிபியில் அந்தக் கொடியும் இல்லை. டிஎன்எஸ் பதில் உள்ளே வர வேண்டும் என்பதற்காக, 53 என்ற போர்ட்டிலிருந்து கிளம்பும் எல்லாவற்றையும் உள்ளே விட வேண்டியிருந்தது. தன் பாக்கெட்டை 53லிருந்து அனுப்புவது தாக்குபவருக்கு ஒரு வேலையே இல்லை. இணைப்பை நினைவில் வைக்கும் வடிகட்டி வந்த பிறகு, இந்தப் பக்கத்திலிருந்து கேள்வி போயிருந்தால்தான் அந்தப் பக்கத்துப் பதில் உள்ளே வர முடியும். லினக்ஸுக்கு இது 2001ல், அதன் மையப் பகுதியான கெர்னலின் 2.4 பதிப்பில், ஐபிடேபிள்ஸோடு வந்தது.

இந்த நினைவுக்கு விலையும் உண்டு. ஒவ்வோர் இணைப்பும் அட்டவணையில் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. லினக்ஸில் நிறுவப்பட்ட டிசிபி இணைப்பு சும்மா இருந்தாலும் அதன் பதிவு 5 நாள் தங்கும். அட்டவணை நிரம்பினால் புதிய இணைப்புகள் விழுந்துவிடும், வெளியே பார்ப்பவருக்கு இணையம் விட்டுவிட்டு வருவதுபோல் தெரியும். இரண்டு ரவுட்டர்கள் இருந்து, போவது ஒன்றின் வழியாகவும் வருவது மற்றொன்றின் வழியாகவும் நடந்தால், பதிலைப் பார்க்கும் ரவுட்டருக்குக் கேள்வி தெரியாது. நேர்மையான பாக்கெட்டையும் செல்லாதது என்று கைவிட்டுவிடும். அந்த நேரத்தில் விதிகளைத் திருத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, பாதையைச் சரிசெய்ய வேண்டும்.

வலையமைப்பின் பிழைச் செய்திகளையும் சோதனைச் செய்திகளையும் சுமக்கும் ஐசிஎம்பி பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் ஐசிஎம்பி செய்தி) வந்தால் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தடுப்பது பிங்கை மட்டும் அல்ல. வழியில் எங்கோ ஒரு இணைப்பு 1500 பைட் பாக்கெட்டைத் தாங்காது, பிபிபிஓஇ என்ற இணைய இணைப்பு முறையில் 1492தான் போகும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு வரும் பெரிய பாக்கெட்டை அங்கே இருக்கும் ரவுட்டர் கைவிட்டு, "இது பெரிது, இந்த அளவுக்குக் குறைத்து அனுப்பு" என்று வகை 3, குறியீடு 4 கொண்ட ஐசிஎம்பி செய்தியை அனுப்பும். அந்தச் செய்தியை நாம் தடுத்துவிட்டால் அனுப்பியவருக்குக் காரணம் தெரியாது. அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பார். அறிகுறிகள் விசித்திரமாக இருக்கும்: தளம் திறக்கும், கோப்பு ஏறாது. எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போகலாம், நீளமான பட்டியல் ஒன்றைக் கேட்டதும் திரை உறைந்துவிடும். சிறிய பாக்கெட்டுகள் எல்லாம் போய்க்கொண்டிருப்பதால் பழி வேறு எதன் மேலோ விழும்.

நிறுவப்பட்ட இணைப்போடு தொடர்புடையது என்ற அந்த முதல் விதி, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு குறித்த ஐசிஎம்பி பிழைச் செய்திகளையும் உள்ளே விடுகிறது. அதனால் ஐபிவி4ல் (இணைய முகவரி முறையின் பழைய பதிப்பு) பாதிப் பிரச்சினை தானாகவே தீர்கிறது. பிங்கைப் பொறுத்தவரை, வேக வரம்பு போட்டு அனுமதிப்பதே என் வழக்கம். கோளாறு வரும் நாளில் மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிட எளிய வழி இல்லை.

புதிய பதிப்பான ஐபிவி6ல் ஐசிஎம்பி இன்னும் அடிப்படையானது. அங்கே இடையில் இருக்கும் ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை. பாக்கெட் பெரிது என்று சொல்லும் வகை 2 செய்தி வராவிட்டால் அனுப்புபவருக்கு வேறு வழியில்லை. பக்கத்துக் கருவியின் வன்பொருள் முகவரியைக் கண்டுபிடிப்பதும் ஐசிஎம்பிவி6தான், வகை 135, 136. ரவுட்டர் தன்னை அறிவித்துக்கொள்வது வகை 134. இவற்றைத் தடுத்தால் ஐபிவி6 அந்த நொடியே நின்றுபோகாது. பழைய பதிவுகள் காலாவதியாகும் வரை ஓடிவிட்டு அப்புறம் நிற்கும். மாற்றம் செய்தவர் அதற்குள் வேலை முடிந்தது என்று எழுந்து போயிருப்பார். எவற்றை விட வேண்டும், எவற்றைத் தடுக்கலாம் என்பதற்கு 2007ல் வெளியான ஆர்எஃப்சி 4890 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒவ்வொரு வகையாக விளக்கம் தருகிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதே நல்லது.

ஐபிவி6 என்றதும் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஐபிவி4ல் உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் என்.ஏ.டி. இருப்பதால், வெளியிலிருந்து உள்ளே இருக்கும் கணினியை நேரடியாக அழைக்க வழியில்லாமல் போகிறது. அதையே பாதுகாப்பு என்று பலரும் நம்பிவிட்டார்கள். ஐபிவி6 இணைப்பு வந்ததும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி கிடைக்கிறது. ஃபார்வர்ட் செயினில் ஐபிவி6க்கு விதி இல்லையென்றால் கேமராவும் பிரிண்டரும் நேரடியாக வெளியே தெரியும். ஐபிடேபிள்ஸில் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணைகள், ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது. சிரத்தையாக எழுதிய ஐபிவி4 விதிகளுக்குப் பக்கத்திலேயே ஐபிவி6 அட்டவணை காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். 2014ல் 3.13 கெர்னலோடு வந்த, ஐபிடேபிள்ஸின் வாரிசான என்எஃப்டேபிள்ஸில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அட்டவணை எழுதலாம். அதற்கு மாற இந்த ஒரு காரணமே போதும்.

நிறுவப்பட்ட இணைப்பை விடும் முதல் விதிக்கு ஐபிவி6ல் சின்ன விலக்கு உண்டு. ரவுட்டர் தன் இணையச் சேவை நிறுவனத்திடம் டிஹெச்சிபிவி6 மூலம் முகவரி கேட்கும்போது கேள்வி ஒரு பல்முனை முகவரிக்கு (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குச் சேரும் முகவரி) போகிறது, பதில் ஒரு தனி முகவரியிலிருந்து வருகிறது. இணைப்பு அட்டவணையால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. வெளிப்பக்கத்திலிருந்து யுடிபி 546க்கு வரும் அந்தப் பதிலுக்கு இன்புட்டில் தனி விதி எழுத வேண்டும்.

பொய் முகவரியைத் தடுக்கும் விதிகள் கொஞ்சம்தான், ஆனால் பயன் பெரிது. வெளி இன்டர்ஃபேஸில், நம் உள் முகவரியோடு ஒரு பாக்கெட் வந்தால் அது நிச்சயம் பொய். உள்ளிருந்து வெளியே போவதில் நமக்குச் சொந்தமில்லாத அனுப்புநர் முகவரி இருந்தால் அதுவும் பொய், உள்ளே ஏதோ ஒரு கருவி கெட்டுப்போயிருக்கிறது. இரண்டாவதைப் பலர் போடுவதில்லை, ஏனென்றால் அதில் காப்பாற்றப்படுவது நாம் அல்ல. 2000ல் பிசிபி 38 என்ற பரிந்துரை இதைத்தான் எல்லா நெட்வொர்க்குகளிடமும் கேட்டது. எல்லாரும் செய்திருந்தால் மேலே சொன்ன டிஎன்எஸ் தாக்குதல் நடக்கவே வழியில்லை. எனக்கு இது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் கடமை. தனியார் முகவரி அத்தனையையும் வெளி இன்டர்ஃபேஸில் கண்ணை மூடிக்கொண்டு தடுக்கும் முன் மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் ஒரு மோடம் இருந்தால் அதன் முகவரியே 192.168ல் தொடங்கலாம். சேவை நிறுவனம் 100.64.0.0/10 என்ற பகிர்வு வரம்பைப் பயன்படுத்தலாம்.

போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே ஒரு சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸில் சேருமிட முகவரி மாற்றம் வடிகட்டிக்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் ஃபார்வர்ட் விதியில் சர்வரின் உள் முகவரியையும் உள் போர்ட்டையும் எழுத வேண்டும். வெளி முகவரியைப் போட்டால் பொருந்தாது.

கடைசி விதி, எதிலும் பொருந்தாததைத் தடு என்பது. சிஸ்கோ அணுகல் பட்டியலில் அது எழுதாமலே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் அங்கேயும் வெளிப்படையாக எழுதிவிடுவேன், கவுண்டர் தெரியும் என்பதற்காக. தடுக்கும்போது மௌனமாகக் கைவிடுவதா, மறுத்துப் பதில் சொல்வதா என்ற கேள்வி வரும். வெளிப்பக்கத்துக்கு மௌனம். உள்பக்கத்துக்கு மறுப்பு. உள்ளே இருக்கும் பணியாளரின் மென்பொருளுக்குப் பதில் கிடைக்காவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும், இயல்பான அமைப்பில் லினக்ஸ் ஒரு டிசிபி இணைப்பு முயற்சியைக் கைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். உடனே மறுப்பு வந்தால் அடுத்த நொடியே பிழைச் செய்தி வரும், அவரும் நம்மிடம் வந்து கேட்பார்.

லாகிலும் இதே பாகுபாடு. வெளிப்பக்கத்தில் 23, 22, 445 போர்ட்களைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், இரவு பகல் கிடையாது. அதையெல்லாம் எழுதிவைத்தால் சேமிப்பு நிரம்பும், படிக்க யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளிருந்து தடுக்கப்படுபவை வேறு. கேமரா ஒன்று திடீரென்று வெளி முகவரியைத் தேடினால், பணியாளர் கணினி ஒன்று டிசிபி 25 போர்ட்டில் வெளியே மின்னஞ்சல் அனுப்ப முயன்றால், அந்த வரி உடனே நம் கண்ணில் பட வேண்டும். அவற்றை மட்டும், வேக வரம்போடு, லாகில் எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து விதி மாற்றும்போது தன்னைத் தானே வெளியே பூட்டிக்கொள்ளும் அபாயம் எல்லாருக்கும் தெரியும். கருவிகளிலேயே அதற்கு வழி இருக்கிறது, பயன்படுத்தத்தான் ஆளில்லை. ஜூனிப்பர் ரவுட்டர்களில் உறுதி கேட்கும் கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) உண்டு. 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். மைக்ரோடிக்கில் சேஃப் மோடு, தொடர்பு அறுந்தால் மாற்றங்கள் ரத்து. சிஸ்கோவில் அமைப்பைச் சேமிக்காமல், இத்தனை நிமிடத்தில் மறுதொடக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஐபிடேபிள்ஸில் ஒரு பொறி உண்டு: இயல்பு நிலைக் கொள்கை தடு என்று இருக்கும்போது விதிகளை மொத்தமாக அழித்தால், கொள்கை மட்டும் அப்படியே நிற்கும், உள்ளே வர வழியிருக்காது.

மாற்றிய பிறகு நம் எஸ்எஸ்ஹெச் அமர்வு அறுபடாமல் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. அது ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்பு, முதல் விதி அதை விட்டுக்கொண்டிருக்கிறது. அதை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சன்னலில் புதிதாக நுழைந்து பார்க்க வேண்டும். தடை விதி சேர்க்கும்போதும் இதே கதைதான். புதிய விதி வந்த பின்னும் பழைய இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கும், இணைப்பு அட்டவணையில் அந்தப் பதிவை நீக்கினால்தான் நிற்கும். தடை வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் மேலும் விதி சேர்ப்பவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

சோதனையை வெளியிலிருந்தே செய்ய வேண்டும். உள்ளே உட்கார்ந்து நம் வெளி முகவரியைத் தட்டினால் பாக்கெட் உள் இன்டர்ஃபேஸ் வழியாகவே வருகிறது, வெளிப்பக்க விதிகள் சோதிக்கப்படுவதே இல்லை. கைபேசித் தரவு இணைப்பில் ஒரு மடிக்கணினியைச் சேர்த்து திறந்த போர்ட்களைத் தேடும் என்மேப் கருவியை ஓட்டினால் போதும், ஐபிவி4க்கு ஒரு முறை, ஐபிவி6க்கு ஒரு முறை, யுடிபியையும் விடாமல். தாளில் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சோதனை. போக வேண்டியது போகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். போகக் கூடாதது நிற்கிறதா என்பதையும் விருந்தினர் வைஃபையில் அமர்ந்து, கேமரா முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

விதிகளுக்கு எழுதும் குறிப்பு பற்றியும் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. "443 அனுமதி" என்ற குறிப்பு வீண், விதியைப் பார்த்தாலே அது தெரியும். யாருக்காக, எதற்காக, எப்போது சேர்த்தது, எப்போது எடுக்கலாம் என்பவைதான் குறிப்பு. தற்காலிகம் என்று சேர்த்த விதிகள்தான் மிக நீண்ட ஆயுளோடு வாழ்கின்றன. அவற்றில் முடிவுத் தேதி இல்லாவிட்டால் அடுத்து வருபவருக்குத் தொடப் பயம், அதற்கு அடுத்தவருக்கும் பயம்.

கவுண்டர் பூஜ்யமாக நிற்கும் விதிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். மேலே உள்ள விதி அதை மறைத்திருக்கலாம். அது காத்த சர்வர் போய்விட்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஓடும் வேலைக்கானதாக இருக்கலாம். சில ரவுட்டர்களில் வேகத்துக்காகப் பாக்கெட்டுகள் வடிகட்டியைத் தொடாமல் குறுக்குவழியில் போவதால் எண்ணிக்கையே குறைவாகக் காட்டலாம். ரவுட்டர் மறுதொடங்கியதும் எல்லாக் கவுண்டரும் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்பதும் உண்டு. அதனால் அப்படிப்பட்ட விதியை உடனே அழிப்பதில்லை. முதலில் முடக்கி, முடக்கிய தேதியைக் குறிப்பில் சேர்த்து, அமைப்புக் கோப்பின் நகலை ரவுட்டருக்கு வெளியே எடுத்து வைக்கிறேன். மாத இறுதிக் கணக்கு வேலையும் இரவுப் பேக்கப்பும் ஒரு சுற்று தடங்கலின்றி முடிந்த பிறகு அழிக்கிறேன்.